நாற்பதா, நூற்று நாலா?

என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். எடையைச் சொல்ல மாட்டேன், சொன்னால் கிலோவில் சொல்வேன். கழுத்தில் கிடப்பது பவுனில். தலைக்கு வைக்கிற பூ முழத்தில். ரவிக்கைத் துணியை மீட்டரில் வாங்கிக் கொடுத்தால் தையற்காரர் இஞ்சு டேப்பை எடுத்து அளக்கிறார். கள்ளக்குறிச்சியிலிருந்து நைனார்பாளையம் போக கிலோமீட்டர், அங்கே இருக்கிற எங்கள் நிலத்துக்கு ஏக்கரும் சென்ட்டும். இத்தனை அளவுகளும் ஒரே மண்டைக்குள் சண்டை சச்சரவு இல்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. இதில் யாரும் திண்டாடி நான் பார்த்ததில்லை. காய்ச்சல் ஒன்றைத் தவிர.

போன மாதம் பழைய ஆஸ்பத்திரித் தோழி ஒருத்தியின் பணி ஓய்வு விழாவுக்குப் போயிருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“ஏன்க்கா, இன்னும் நூறு, நூத்தியொண்ணுன்னே சொல்லிக்கினு இருக்கீங்க? வெள்ளைக்காரன் போயி எவ்ளோ காலமாச்சு, அவன் டிகிரிய மட்டும் வுட மாட்டேன்றீங்களே!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, கேசரியைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. எப்போதுமே எனக்குக் கோபம் தாமதமாகத்தான் வரும், வந்தால் லேசில் போகாது. அவள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் ஆகும்.

நான் விவசாயக் குடும்பத்துப் பெண். சர்ச்சில் பாட்டுப் பாடத் தெரியும், களை எடுக்கத் தெரியும், வேறொன்றும் தெரியாது. பாதிரியார் ஒருவர் சொல்லி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸிங் படிக்கப் போனேன். எங்களுக்குப் பாடம் நடத்திய வயதான சிஸ்டர் மருந்தை அவுன்ஸில் ஊற்றினார், பரீட்சையில் மில்லி கேட்டார்கள். இரண்டையும் மனப்பாடம் செய்து தேறினேன். வேலை கிடைத்தது. சமவெளியில் சில வருஷம் இருந்த பிறகு, கல்வராயன் மலைக்கு மாற்றினார்கள். கரியாலூரைத் தாண்டி ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம்.

அங்கே டாக்டராக வந்தவர் ரகுபதி. பட்டணத்துக்காரர். மலைக்கு மாற்றல் என்றால் பலரும் வந்த நாளிலிருந்தே ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இவர் அப்படி இல்லை. காலையில் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். அவர் காய்ச்சல் பார்க்கிற அழகே அழகு. தெர்மாமீட்டரை உதறி, பாதரசம் கீழே இறங்கிவிட்டதா என்று பார்ப்பார். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார். நோயாளியின் அக்குளை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் வைப்பார். ஈரத்தோடு வைத்தால் பொய் சொல்லும் என்பார். பிறகு அவரே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வாட்ச்சைப் பார்த்தபடி நிற்பார். எடுத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி, வெள்ளிக் கோடு தெரிகிற வரை கண்ணாடியை மெல்ல உருட்டுவார். தான் படித்ததைச் சொல்ல மாட்டார். என்னிடம் நீட்டுவார். நான் படித்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னதும் அவர் மனசுக்குள் வைத்திருந்ததும் ஒன்றாக இருந்தால் தலையை ஆட்டுவார். இல்லாவிட்டால் முதலிலிருந்து.

இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது ஒன்றுதான். வந்த வாரமே ஆஸ்பத்திரியில் இருந்த ஃபாரன்ஹீட் தெர்மாமீட்டர்களை எல்லாம் பொறுக்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சென்டிகிரேடு தெர்மாமீட்டர் வரவழைத்தார். யாராவது வாய் தவறி நூறு என்று சொன்னால், “நூறு டிகிரியில தண்ணிதான் கொதிக்கும் சிஸ்டர், மனுஷன் கொதிக்க மாட்டான்” என்பார். பவுண்டுத் தராசையும் ஒழித்துக் கட்டினார்.

ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். முதலில் முறைத்தார். பிறகு சொன்னார். அவர் பயிற்சி டாக்டராக இருந்தபோது, ஒரு குழந்தையின் எடையைப் பவுண்டுத் தராசில் பார்த்து ஒரு நர்ஸ் எண்ணை மட்டும் சொல்லியிருக்கிறாள். கேட்ட டாக்டர் அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டு மருந்தைக் கணக்குப் போட்டுவிட்டார். ஒன்றுக்கு இரண்டு பங்குக்கும் மேலே. குழந்தை தூங்கியது, எழுந்திருக்கவே இல்லை. அந்தக் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு ஊசிக்கு உதவி செய்தவர் இவர்.

அன்றிலிருந்து மருந்து விஷயத்தில் கிலோவும் மில்லியும் தவிர வேறெதையும் நான் வாயால் சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பத்துப் பத்தாக ஏறுகிற அளவில் தப்புக் கணக்கு போடுவது கஷ்டம். உயிரோடு விளையாடுகிற இடத்தில் அந்த வசதி பெரிய வசதி. ஆனால் பவுண்டு செய்த பாவத்துக்கு ஃபாரன்ஹீட்டையும் சேர்த்து ஜெயிலில் போட்டாரே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

ஏனென்றால் காய்ச்சல் எங்களுக்குள் பேசிக்கொள்கிற எண் இல்லை. அது தாய் தகப்பன் கையில் கொடுத்து அனுப்புகிற எண். தொண்ணூற்றெட்டு என்றால் ஒன்றுமில்லை. நூறு என்றால் ஜுரம். நூற்றிரண்டு என்றால் ஈரத்துணி போடு. நூற்று நாலு என்றால் எடுத்துக்கொண்டு ஓடு. எங்கள் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது தெரியும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. சென்டிகிரேடில் நல்ல உடம்புக்கும் சாகக் கிடக்கிற உடம்புக்கும் நடுவே மூன்றோ நாலோ படிதான். கேட்கிறவர் காதில் அது ஏறுவதே இல்லை. இதை நான் சொன்னபோதெல்லாம் டாக்டர், “பழகிடுவாங்க சிஸ்டர்” என்று முடித்துவிடுவார்.

அந்த வருஷம்தான் இடஒதுக்கீடு கேட்டு எங்கள் மாவட்டமே எழுந்தது. சாலையோரப் புளிய மரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. மலைக்கு மேலே எங்களுக்கு எல்லாம் வதந்தியாகத்தான் வந்து சேர்ந்தது. எத்தனை மரம் விழுந்தது, எங்கே போலீஸ் வந்தது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்றுதான் நான் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவது வேறு மாதிரி இருக்கும்.

அன்று காலை பொன்னி என்கிற மலைப் பெண் தன் மகள் செல்வியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். ஆறு வயசு இருக்கும். குளிர் ஜுரம். மேசையில் கிடத்தியதும் இழுப்பு வந்துவிட்டது. டாக்டர் ஊசி போட்டார், இழுப்பு நின்றது, ஆனால் பிள்ளை கண் திறக்கவில்லை. தெர்மாமீட்டர் நாற்பது காட்டியது. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். எங்களிடம் இருந்த மருந்துக்கு அது அடங்காது. கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் மருந்தை ரத்தத்தில் ஏற்றினால் பிழைக்கலாம், தாமதித்தால் போய்விடும்.

ஆஸ்பத்திரி ஜீப்பை எடுத்தோம். முன்னால் டிரைவர் மணியும் டாக்டரும், பின்னால் நானும் பொன்னியும், மடியில் பிள்ளை. மலை இறங்குகிற வழியெல்லாம் ஈரத்துணியால் நெற்றியையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டே வந்தேன். அடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது, மணி பிரேக்கை அழுத்தினார். ரோட்டை அடைத்துக்கொண்டு பெரிய புளிய மரம். அதன் நுனிப் பக்கம் ஒரு ஜீப் நுழைகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் கரும்பு ஏற்றிய மாட்டு வண்டியைக் குறுக்கே நிறுத்தி, மாட்டை அவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். வண்டியை நகர்த்தினால் வழி.

முன்னால் வந்தவர் ஏழுமலை. அந்தப் பக்கத்தில் கரும்பு போடுகிறவர். முப்பத்தைந்து வயசு இருக்கும், தலையில் துண்டு, கண் சிவந்திருந்தது. இத்தனை நாளும் அங்கேயே வெயிலில் நின்று மறியலை நடத்துகிறவர் அவர்தான் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

“பிரசவம், பாம்புக்கடி, சாவு. மூணுக்கும் வழி வுடறோம் சார். இது இன்னா கேஸு?” என்று கேட்டார்.

“காய்ச்சல்” என்றார் டாக்டர்.

கூட்டத்தில் சிரிப்பு. முந்தின நாள் யாரோ ஒருவர் காரில் போர்வையைப் போர்த்திப் படுத்துக்கொண்டு, ஜுரம் ஜுரம் என்று முனகி, அந்தப் பக்கம் போனதும் எழுந்து உட்கார்ந்து கையை ஆட்டிவிட்டுப் போனாராம். அதிலிருந்து ஜுரம் என்றால் எவ்வளவு என்று கேட்கிறார்கள். நூறைத் தாண்டினால்தான் வண்டி நகரும்.

“எவ்ளோ ஜுரம்?”

“நாற்பது” என்றார் டாக்டர், தெளிவாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனுஷா, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று மனசுக்குள் அலறினேன். அவரோ சட்டைப் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து, பிள்ளைக்கு வைத்த பிறகு உதறாமல் பத்திரமாக வைத்திருந்ததை, அத்தாட்சியாக நீட்டினார். ஏழுமலை வாங்கி வெயிலில் உருட்டிப் பார்த்தார். கூட இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“ஆமாம்பா. கண்ணாடியிலயே நாப்பதுன்னுதான் போட்டுக்குது. சார், நூறுல பாதி கூட இல்ல. இதுக்கா வண்டிய நவுத்தணும்?” என்றார் ஏழுமலை.

“அண்ணே, அது வேற அளவு. நம்ம கணக்குல நூத்தி நாலு!” என்று நான் பின்னாலிருந்து கத்தினேன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது இன்னும் மோசம் என்று. ஏழுமலை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவரு நாப்பதுன்றாரு, நீங்க நூத்தி நாலுன்றீங்க. ஒரே புள்ளைக்கு ரெண்டு ஜுரமா சிஸ்டர்? ஜெபம் பண்ற ஆளு மாதிரி இருக்கீங்க, பொய் சொல்றீங்களே!”

உண்மையைச் சொல்லிப் பொய்க்காரி ஆனது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். டாக்டர் சென்டிகிரேடு என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தார். தண்ணீர் உறைகிற இடம் பூஜ்யம், கொதிக்கிற இடம் நூறு என்றார். அந்த வெயிலில், அந்த மரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு! ஒருவர் ஜீப்புக்குள் கையை நீட்டி செல்வியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நான் ஈரத்துணி போட்டுப் போட்டு அது சில்லென்று கிடந்தது.

“புள்ள நல்லா தூங்குதுபா. சில்லுனு இருக்குது” என்றார் அவர்.

பொன்னி ஏழுமலையைப் பார்த்து, “நாப்பதோ நூறோ எனக்கு இன்னா தெரியும்? எம்புள்ள கண்ணு தொறக்கலீங்க” என்றாள். அழக்கூட இல்லை.

ஏழுமலை கொஞ்சம் தடுமாறினார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் ஏமாந்த கோபம் இருந்தது, கூட்டம் பார்த்துக்கொண்டும் இருந்தது. சட்டென்று அவரே ஒரு யோசனை சொன்னார்.

“சார், இத எனக்கு வைங்க. நல்லா இருக்கற ஆளுக்கு எவ்ளோ காட்டுதுன்னு பாத்துடலாம்.”

நல்ல யோசனைதான். முப்பத்தேழு காட்டும், அதைவிட நாற்பது எவ்வளவு ஜாஸ்தி என்று புரியவைத்துவிடலாம் என்று எனக்கு உயிரே வந்தது. டாக்டர் ஜீப் பானெட்டில் சாய்ந்துகொண்டு, ஆஸ்பத்திரியில் செய்வதைப் போலவே ஒன்று விடாமல் செய்தார். உதறினார், துடைத்தார், ஏழுமலையின் அக்குளை ஒற்றி எடுத்தார், கையைப் பிடித்துக்கொண்டு வாட்ச்சைப் பார்த்தார். எடுத்தார், உருட்டினார். அவர் முகம் மாறியது. என்னிடம் நீட்டினார்.

முப்பத்தொன்பது.

ஏழுமலை என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தார். அவருக்கு ஒரே குஷி.

“பாத்தீங்களாடா! எனக்கும் முப்பத்தொம்போது! நான் இன்னா ஆஸ்பத்திரிக்கா போய்க்கினு இருக்கேன்? கல்லு மாதிரி நிக்கறேன்!”

கூட்டம் விசில் அடித்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறேன். வெட்டுக்குத்து பார்த்திருக்கிறேன், தீக்காயம் பார்த்திருக்கிறேன். அந்த விசிலைப் போல என்னை உறைய வைத்தது எதுவும் இல்லை. நூற்றிரண்டு டிகிரி ஜுரத்தை உடம்பில் வைத்துக்கொண்டு, அதையே சாட்சியாகக் காட்டி, ஒரு பிள்ளைக்கு ஜுரமே இல்லை என்று ஒரு மனுஷர் ஜெயிக்கிறார்.

நான் ஜீப்பிலிருந்து குதித்தேன். தெர்மாமீட்டரை வாங்கி உதறி, அவர் பக்கத்தில் இருந்த ஆளுக்கு வைத்தேன். அவர் பெயர் குப்பன் என்று பிற்பாடு தெரிந்தது. முப்பத்தேழு கூட முழுசாக இல்லை. டிரைவர் மணிக்கு வைத்தேன். முப்பத்தேழு. இன்னொருவருக்கு வைக்கப் போனபோது யாரும் விசில் அடிக்கவில்லை. எல்லாரும் ஏழுமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குப்பன் மெதுவாக அவர் கழுத்தில் புறங்கையை வைத்தார், வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார்.

“அண்ணே, அனலா கொதிக்குதே உனுக்கு!”

“மரம் வெட்டுன ஒடம்பு நோவுன்னு நெனச்சேன்” என்றார் ஏழுமலை. குரல் இறங்கியிருந்தது. செல்வியை ஒரு முறை எட்டிப் பார்த்தார். தன்னைவிட அந்தப் பிள்ளைக்கு ஜாஸ்தியா என்று கேட்பது போல என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

“வண்டிய ஒதுக்குங்கடா” என்றார்.

பத்துப் பேர் சேர்ந்து கரும்பு வண்டியைத் தள்ளினார்கள். டாக்டர் ஏழுமலையின் கையைப் பிடித்து, நீங்களும் வர வேண்டும், இதே காய்ச்சல்தான் உங்களுக்கும் என்றார். அவர் வர மாட்டேன் என்றார். பிறகு ஏதோ யோசித்து, கள்ளக்குறிச்சிக்கு முன்னால் இன்னொரு மறியல் இருக்கிறது, அங்கேயும் இதே கேள்வி கேட்பார்கள் என்று சொல்லிவிட்டு, ஜீப்பின் பின்படியில் தொற்றிக்கொண்டார். போகிற வழியில் குளிரில் அவர் பல் கிட்டித்தது. கம்பியைப் பிடித்த கை ஆடியது.

“எனுக்கு எவ்ளோன்னு சொன்னீங்க, நம்ம கணக்குல?” என்று கேட்டார்.

“நூத்திரெண்டு. நல்லா கேட்டுக்கோங்க. நாளைக்கு அதுவே நூத்தி நாலு ஆகும். ஆஸ்பத்திரியில சேந்துடுங்க அண்ணே.”

“சரிங்க சிஸ்டர்” என்றார்.

இரண்டாவது மறியலில் கூட்டம் பெரிது. கோஷம் காதைப் பிளந்தது. ஜீப்பைப் பார்த்ததும் கட்டையோடு ஓடி வந்தார்கள். இன்னா கேஸு, எவ்ளோ ஜுரம் என்று அதே கேள்வி. டாக்டர் வாயைத் திறப்பதற்குள் பின்படியில் நின்ற ஏழுமலை உடம்பை எக்கி, தொண்டை கிழியக் கத்தினார்.

“நூத்தி நாலு! சின்னப் புள்ளடா! ஒதுக்குங்க!”

ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. தடுப்பு விலகியது. அந்த ஒரு எண்ணுக்கு அவ்வளவு மரியாதை. ஜீப் நகர்ந்தபோது கூட்டத்தில் ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

“ஏழுமல அண்ணே! நீ எங்க ஜீப்புல? உனுக்கு இன்னா ஆச்சு? போலீஸ் வரப்போவுதுன்றாங்க, ஆளு பத்தலண்ணே.”

ஏழுமலை அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“எனுக்கு ஒண்ணும் இல்லடா. முப்பத்தொம்போதுதான்.”

சொல்லிக்கொண்டே படியிலிருந்து குதித்துவிட்டார். நான் பதறிப்போய், “அவருக்கு நூத்திரெண்டு! புடிங்க அவர!” என்று கத்தினேன். அதே நேரம் என் மடியில் செல்விக்கு மறுபடியும் இழுப்பு வந்தது. மணி வண்டியை விரட்டினார். முன்சீட்டிலிருந்து டாக்டர் பாதி உடம்பை வெளியே நீட்டி, “நூத்திரெண்டு! அவருக்கு நூத்திரெண்டு!” என்று அலறினார். அவர் வாயில் ஃபாரன்ஹீட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். கோஷத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

செல்வி பிழைத்துக்கொண்டாள். மறுநாள் விடிந்ததும் கண்ணைத் திறந்து, தாயிடம் கஞ்சி கேட்டாள். பொன்னி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரோடு திறக்காததால் நாங்களும் கள்ளக்குறிச்சியிலேயே தங்கிவிட்டோம். டாக்டர் வருகிற போகிறவர்களிடமெல்லாம் ஏழுமலையை விசாரித்துக்கொண்டே இருந்தார்.

நாலாம் நாள் காலையில் அவரைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துக் குப்பனும் இன்னும் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நினைவு இல்லை. கண் மஞ்சளாகிவிட்டது. டாக்டர் தானே ஓடி ஓடி மருந்து ஏற்றினார், கண் திறக்க மாட்டாரா என்று பக்கத்திலேயே நின்றார். நான் செய்யாத ஜெபம் இல்லை. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வராந்தாவில் நின்ற குப்பனின் சட்டையைப் பிடித்துவிட்டேன். தொட்டுப் பார்த்தாயே, அனலாகக் கொதிக்கிறது என்று நீதானே சொன்னாய், முன்னாடியே தூக்கிக்கொண்டு வர என்ன கேடு என்று கேட்டேன்.

குப்பன் என் கையை விலக்கவில்லை.

“எங்களாண்ட திரும்பி வந்ததுலேர்ந்து தெனம் கேட்டுக்கினேதான் இருந்தோம் சிஸ்டர். கேக்கறப்பல்லாம் முப்பத்தொம்போதுதான்டா, நூறு ஆனா நானே சொல்றேன், அப்ப போலாம்னு சொன்னாருங்க.”